என் டம்ளரில் குணசீலி

முதலில் காணாமல் போனது என் கேஸ் லைட்டர். அடுத்து துணி காயப்போடும் கிளிப்புகளில் நீலக் கலர் ஒன்று. அப்புறம் குளியலறை மக். கடைசியாக என் எவர்சில்வர் டம்ளர். வீட்டுக்குத் திருடன் யாரும் வரவில்லை. வீட்டிலேயே ஒரு கலைஞன் இருந்தான், அதுவே போதுமாக இருந்தது.

கலைஞன் என் கணவன் சேந்தன். நான் ஆதம்பாக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில் டிரைவிங் ஸ்கூலா என்று சிரிக்க வேண்டாம். வண்டி திடீரென்று முரண்டு பிடித்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரிந்த ஒரு மனிதர் உள்ளே இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கும்வரை எனக்குச் சோறு இருக்கிறது.

சேந்தனே என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவன்தான். முதல் நாளே நேராகப் போய் ஒரு குப்பைத்தொட்டியில் இடித்தான். கை நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு ஆபீஸில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்து மீதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். டம்ளரைக் கீழே போட்டு விளிம்பில் ஒரு நசுங்கலும் உண்டாக்கினான். கல்யாணம் ஆனதும் அந்த டம்ளரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வண்டி ஓட்ட அவன் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

அவனுடைய நண்பர் பஷீர் ஒரு ஆஸ்பத்திரிக்காக மூளை நரம்புக் கருவிகள் செய்கிறவர். ஒரு நாள் அவர் கூடை போன்ற ஒரு தொப்பியும் சின்னத் திரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்ன பஷீர், முடி காய வைக்கிற மெஷினா?" என்றேன்.

"இல்ல சிஸ்டர். பக்கவாதம் வந்தவங்கள்ல சில பேருக்குச் சீப்பைக் காட்டினா அது எதுக்குன்னே தெரியாது. கண்ணு பார்க்கும், ஆனா தலை சீவணும்னு தோணாது. அவங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு டாக்டருக்குத் தெரியணும் இல்லையா? அதுக்காகச் செஞ்சது இது. ஒரு சாமானைப் பார்க்கிறப்போ உள்ள என்ன படம் வருதோ, அது அப்படியே திரையில ஓடும். உள்படம்னு பேர் வெச்சிருக்கோம்."

"அதுக்கு எங்க வீட்டுல என்ன வேலை?"

"உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

வீட்டுக்காரன் கண்கள் மின்ன உட்கார்ந்திருந்தான். "ஊர்ல பாதி ஆர்ட்டிஸ்ட் இதுலதான் இருக்காங்க தாரு. ஒரு ஆள், ஒரு பொருள், ஒரே அமர்வு. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. தினம் கையில புழங்குற பொருளா இருக்கணும். கடையில புதுசா வாங்கி வெச்சா அது பித்தலாட்டம்."

"இதுல என்ன கலை?"

"எல்லாரோட ஆசையும் ஒண்ணுதான். ஒரு பொருளை அந்தப் பொருளா மட்டும் பார்க்கணும். டம்ளரை டம்ளரா. சொல்றதுக்கு ஈஸி, இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வரல. அம்மா குறுக்க வருவாங்க, பசி குறுக்க வரும், பழைய சண்டை குறுக்க வரும். குணசீலி மட்டும்தான் கிட்டப் போயிருக்கா."

வந்துவிட்டாள் குணசீலி. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்தாக வேண்டும். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் அவனோடு படித்தவள். அவனுக்கு வர வேண்டிய ஸ்காலர்ஷிப்பை அவள் தட்டிப் பறித்துவிட்டாள் என்பது அவன் கட்சி. குணசீலி ஒரு பிளாஸ்டிக் குடத்தின் முன்னால் உட்கார்ந்து எடுத்த உள்படத்தில் நெடுநேரம் வெறும் பச்சை நிறம் மட்டுமே இருந்ததாம், கடைசியில்தான் ஒரு கை வந்ததாம். அந்தக் கையைப் பற்றி இவன் என்னிடம் பேசிய நேரத்தில் நான் நாலு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

"நீங்க உக்காருங்க சிஸ்டர், டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்றார் பஷீர்.

தொப்பியை மாட்டிக்கொண்டேன். கையில் கிடைத்தது டம்ளர், அதையே முன்னால் வைத்தார்கள். பார்த்தேன். திரையில் மெல்ல ஓர் உருவம் திரண்டது. நடுங்கும் ஒரு கை. நனைந்த ஒரு சட்டை. தண்ணீர் இறங்கும்போது ஏறி இறங்கும் தொண்டை. இருபத்தாறு வயதுச் சேந்தன், என் ஆபீஸ் வாசலில், வெயிலில். நான் அவனை அவ்வளவு அழகாகப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அவன் என்ன சொல்வான் என்று திரும்பிப் பார்த்தேன்.

தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கு. கொஞ்சம் சென்டிமென்ட் ஜாஸ்தி" என்றான்.

அதற்குப் பிறகுதான் சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின.

கண்காட்சி ராயபுரத்தில் ஒரு பழைய மீன் கிடங்கில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறந்தது. பெயர் 'புழக்கம்'. படங்களை அவன் எனக்கு முன்கூட்டிக் காட்டவே இல்லை. வந்து பார், சர்ப்ரைஸ் என்றான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுச் சாமான்கள் வைத்து எடுத்த படம் அல்லவா? எங்காவது ஓர் ஓரத்தில் நானும் இருப்பேன் என்ற நினைப்பு.

வெள்ளைப் பீடங்களின் மேல் என் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவர் முழுக்கப் படம்.

லைட்டரில் ஒரு பொறி பறந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் சிரித்தது. குணசீலி. சரி, தெரிந்த பெண்தானே என்று அடுத்ததற்குப் போனேன். நீலக் கிளிப் ஒரு கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்தது. பின்கழுத்து தெரிய அவள் நடந்து போனாள், பின்னாலேயே ஒரு கூட்டம் போனது. படம் முழுக்க அந்தக் கழுத்துதான். மக்கில் தண்ணீர் மொண்டு பெயின்ட் பட்ட விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலையும் என் கணவன் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருந்தான்! நகத்திலிருந்த மஞ்சள்கூடத் தெரிந்தது. என் கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. அது எந்தக் கையில் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியில் என் டம்ளர். விளிம்பில் அந்த நசுங்கல். சுவரில் குணசீலி அதைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். சுற்றி இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். குடித்து முடித்து, ஒரு சொட்டுகூட மிச்சமில்லை என்று கவிழ்த்துக் காட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தெரியவில்லை. என் டம்ளர், என் தண்ணீர், என் புருஷன், அவள் தொண்டை.

பக்கத்தில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண், நான் யாரென்று தெரியாமல், என் காதருகே சொன்னாள். "இப்படி ஒருத்தர் நம்மள நினைச்சாப் போதுங்க. அதுக்கு மேல வாழ்க்கையில என்ன வேணும்?"

குணசீலியும் வந்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாரிணி, சத்தியமா எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். காலேஜ் முடிச்சப்புறம் நாங்க சரியாப் பேசினதுகூட இல்லைங்க."

கண்ணில் தண்ணீர் வேறு. நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.

நான் அவள் கையை விலக்கிவிட்டு, பீடத்தில் இருந்த டம்ளரை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். காவலாளி ஓடிவந்தார். "மேடம், மேடம், அது ஆர்ட்."

"அது என் டம்ளர்ப்பா" என்றேன்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். தானியங்கியை அணைத்துவிட்டேன். கையில் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் உச்சி வெயில். சேந்தன் விரல் நகத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பேசினான்.

"தாரு, நீ நினைக்கிறது இல்ல அது. காதல் இல்ல. பொறாமை. அவ்வளவுதான்."

"ஓஹோ."

"அவ எதைத் தொட்டாலும் ஊரே பார்க்குது. நான் எதைத் தொட்டாலும் அவதான் ஞாபகம் வர்றா. இதை அவ எப்படிப் பார்த்திருப்பா, இதுல அவ என்ன செஞ்சிருப்பான்னு. காலையில பல்லு விளக்கும்போதுகூட. எனக்கே வெறுப்பா இருக்கு. வெட்டவும் முடியாது, அது ரூல். நீ கத்துக்கொடுத்தப்போ நான் குப்பைத்தொட்டியில இடிச்சேனே, ஞாபகம் இருக்கா? அந்தத் தொட்டி மேல எனக்கு ஆசையா? பயந்து அதையே பார்த்துட்டு இருந்தேன், வண்டி அங்க போயிடுச்சு."

பாடம் என்னுடையதுதான். பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், கண் எங்கேயோ வண்டியும் அங்கே என்று தினமும் கத்துகிறேன். அதையே எடுத்து எனக்குப் பரிமாறினான்.

"ஆசையா பார்த்தா என்ன, பயந்து பார்த்தா என்ன சேந்தா? இடிச்சது இடிச்சதுதானே" என்றேன். "பதினோரு வருஷமா என் தட்டுல சாப்பிட்டுட்டு அவளைப் பார்த்திருக்க."

"பொறாமைன்னு நான்தான் ஒத்துக்கறேனே!"

"என் மேல ஒரு நாளாவது உனக்குப் பொறாமை வந்திருக்கா?"

அவன் நிஜமாகவே குழம்பினான். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், தோளைத் தொட்டுக்கொண்டே சொன்னான். "சேச்சே. உன் மேல எனக்கு எதுக்கு தாரு பொறாமை?"

அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றையும்விட அதுதான் என்னை எரித்தது.

ஊரறியச் சொல்லிவிடுகிறேன், இது காதல் இல்லை பொறாமை என்று பேட்டியிலேயே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். நம்பிக் காத்திருந்தேன். ஆனால் இந்த நூற்றாண்டின் காதல் காவியம் என்று அதற்குள் எழுதிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. கிடங்கு வாசலில் இளம் ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். ஒரு நேரலையில் பேட்டி எடுத்த பெண், "அவங்க உங்களுக்கு யாரு சார்?" என்று கேட்டாள். நான் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேந்தன் வாயைத் திறந்தான். பிறகு மூடினான். பிறகு கீழே பார்த்து மெல்லச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு ஸ்டூடியோவில் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை டம்ளரை எடுத்துக்கொண்டு பஷீரின் பட்டறைக்குப் போனேன். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. என் டம்ளரில் அவன் இன்னும் இருக்கிறானா? இருந்தால், எத்தனை ஆத்திரம் வந்தாலும், இவனோடுதான் காலம் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். வாயால் கேட்டால் நானே எனக்குப் பொய் சொல்லிவிடுவேன். மெஷின் சொல்லாது.

"இப்ப எதுக்கு சிஸ்டர்? ஆறட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார் பஷீர்.

"தொப்பியைக் கொடுங்க."

உட்கார்ந்தேன். முன்னால் டம்ளர், பாதித் தண்ணீரோடு. பார்த்தேன். நனைந்த சட்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் கழுத்தாவது வரும், என் ஆத்திரமாவது வரும் என்று காத்திருந்தேன்.

திரையில் டம்ளர் வந்தது. எவர்சில்வர். விளிம்பில் நசுங்கல். நசுங்கலில் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் வளைந்திருந்தது. உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றது. வெளிப்பக்கத்தில் ஒரு துளி இறங்கி மேஜையில் ஈர வட்டமாகப் பரவியது. அவ்வளவுதான். கை இல்லை, தொண்டை இல்லை, வாசல் இல்லை, வெயில் இல்லை. டம்ளர் மட்டும், முழு நேரமும்.

பஷீர் எழுந்து நின்றுவிட்டார். "சிஸ்டர், இது என்னன்னு சொல்லுங்க?"

"டம்ளர்."

"எதுக்கு?"

"தண்ணி குடிக்க. எனக்கு ஒண்ணும் ஆகல பஷீர், பயப்படாதீங்க."

"என் பேஷன்ட்டுங்களுக்குக்கூட ஏதாவது ஒண்ணு வரும். இப்படி யாருக்கும் வந்ததே இல்லை" என்றார். கருவியில்தான் கோளாறோ என்று ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டிப் பார்த்தார். பிறகு நான் தடுப்பதற்குள் சேந்தனுக்குப் போன் செய்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருஷம் ஒருவன் இருந்த இடத்தைத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை.

சேந்தன் ஆட்டோவில் வந்து இறங்கி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான். பஷீர் படத்தை மறுபடி ஓட்டினார். சேந்தன் திரைக்கு முன்னால் நின்று பார்த்தான். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். துளி இறங்கியபோது கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்த உதட்டுக் கடி எனக்குத் தெரியும். டிவியில் குணசீலி வரும்போதெல்லாம் சோபாவின் மறுமுனையிலிருந்து நான் பார்த்துவந்ததுதான்.

திரும்பினான். கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று ஒரு வினாடி நினைத்துவிட்டேன்.

"எப்படிப் பண்ணின தாரு?"

"உக்காந்தேன். பார்த்தேன்."

"எதை நினைச்சுட்டுப் பார்த்த?"

"டம்ளரை."

"குணசீலியால முடியல. என்னால முடியல. உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். உனக்கா என்று கேட்க வந்த வாயை நான் பார்த்தேன். மறுபடியும் திரைப் பக்கம் திரும்பி, இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். படத்தில் தான் இல்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை.

வீடு என் பெயரில் இருக்கிறது. வேறு இடம் பார்த்துக்கொள் என்று அன்று மாலையே சொல்லிவிட்டேன். பஷீரின் பட்டறை மாடிக்குப் போனான். வெளிநாட்டுப் பயணத்தை ரத்து செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குணசீலி வரும் தன் படங்களை எல்லாம் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றார் பஷீர்.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த ஒரு நாள் குணசீலி டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். குடையை மடக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஏதேதோ பேசினாள். கடைசியில் கேட்டாள்.

"பஷீர் சொன்னாரு. நீங்க பண்ணின அந்தப் படத்தை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

"அதை அழிச்சிடச் சொல்லிட்டேங்க" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு டம்ளரைப் பார்த்தாள். அது என் மேஜைமேல், பேனாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே கீழ் உதட்டைக் கடித்தாள். பாவம், அவளுமா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போனது.

மழை விட்ட பிறகு சேந்தன் வந்தான். இளைத்திருந்தான். ஒரே ஒரு நாளைக்கு டம்ளரைக் கொடு என்று கேட்டான். கொடுத்தேன். மறுநாள் மதியம் தோளில் பையும் கையில் சின்னத் திரையுமாக ஆபீஸுக்கு வந்து, மேஜைமேல் டம்ளரை வைத்தான். அதன் பக்கத்தில் திரையை வைத்தான்.

"இதைப் பார்த்துட்டு, நான் வீட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றான்.

படம் ஓடியது. டம்ளரின் வளைவில் ஒரு கண்ணாடி தெரிந்தது. காரின் பின்பார்வைக் கண்ணாடி. அதில் என் கண்கள். பிறகு, பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து கியரின் மேல் வந்த என் கை. சூட்டுத் தழும்பு, சரியாக வலது கையிலேயே, அதன் ஓரச் சுருக்கங்களோடு. பிறகு என் பின்கழுத்து, வியர்வையோடு. நான் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றும்போது நெற்றியைச் சுருக்குவது. நான் தொப்பியோடு உட்கார்ந்து டம்ளரைப் பார்ப்பது. அந்த முகத்தை அவன் நெடுநேரம் பார்த்திருந்தான். ஒரு மூலையில்கூட குணசீலி இல்லை. எல்லாம் நான். இத்தனை வருஷம் நான் கேட்டது எல்லாம், ஒன்றுகூடக் குறையாமல், அங்கே இருந்தது.

படம் முடிந்தது. அவன் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு மாணவர் ஹாரன் அடித்தார், என் வகுப்பு நேரம் ஆகியிருந்தது.

டம்ளரை எடுத்தேன். வாட்டர் கேனில் பிடித்தேன். தாகமாக இருந்தது, நின்றபடியே குடித்தேன்.

"நல்லா இருக்கு" என்றேன். "கொஞ்சம் சென்டிமென்ட் ஜாஸ்தி."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.